தோற்றதால் எங்கள் வீட்டுக்கு வந்தது

கடையின் நடுவில் அட்டைப் பெட்டிகளை ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொன்றும் 49 டாலர் 95 சென்ட். அப்பா பர்ஸைத் திறந்து எண்ணினார், மூடினார், மறுபடி திறந்தார்.

"ஏனுங்க, யோசனையா இருந்தா விட்டுருங்க. அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றார் அம்மா.

"அடுத்த மாசம் இருக்காது" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஒரு பெட்டியை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு அப்பா பணம் கட்டும் இடத்துக்கு நடந்தார்.

1983 டிசம்பர், கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம். ஊர், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கும் லப்பக். கண்ணுக்கெட்டிய தூரம் பருத்திக்காடு, காற்றடித்தால் செம்புழுதி. கோயம்புத்தூரில் பருத்தி ஆராய்ச்சியில் இருந்த அப்பா, ஆய்வு உதவித்தொகை ஒன்றில் எங்களை அங்கே கூட்டிப் போயிருந்தார். எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு. அந்தத் தொகையில் வாடகையும் மளிகையும் போக மிச்சம் என்று எதுவும் நிற்காது. அப்படிப்பட்ட வீட்டுக்குள் ஒரு கம்ப்யூட்டர் வந்தது.

அதன் பெயர் டிஐ-99/4ஏ. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தயாரிப்பு. 1981 ஜூனில் கடைக்கு வந்தபோது அதன் விலை 525 டாலர். இரண்டரை ஆண்டுகளில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. அந்தப் பெட்டியை அப்பா தூக்கிக்கொண்டு நடந்த நாளில், அந்தக் கம்ப்யூட்டரைத் தயாரித்த நிறுவனமே அதைக் கைகழுவி எட்டு வாரம் ஆகியிருந்தது. இன்னொரு விஷயமும் உண்டு. அது எங்கிருந்தோ வந்த பொருள் இல்லை. லப்பக்கில்தான் அந்த நிறுவனத்தின் வீட்டுக் கணினிப் பிரிவு இருந்தது. எங்கள் ஊரிலேயே செய்து, நாட்டை ஒரு சுற்றுச் சுற்றி, எங்கள் ஊர்க் கடையிலேயே விலை குறைந்து கிடந்த பெட்டி அது.

கறுப்புப் பிளாஸ்டிக், மேலே வெள்ளி நிறத்தில் கோடு இழுத்த அலுமினியத் தகடு. விசைப்பலகையும் கம்ப்யூட்டரும் ஒரே உடம்பு. வலது பக்கம் கேம் கார்ட்ரிட்ஜ் செருகும் வாய். கொஞ்ச நேரம் ஓடினால் அந்த வாய்க்கு மேலே உள்ள பகுதி இளஞ்சூடாகும். டெக்சாஸ் மேட்டுநிலத்தில் டிசம்பர் குளிர் எலும்பைத் தொடும். அக்காவும் நானும் மாறி மாறி அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வோம்.

திரையாக இருந்தது ஒரு பழைய கறுப்பு வெள்ளை டிவி. யாரோ வீட்டு வாசலில் போட்டு விற்றதை அப்பா வாங்கி வந்திருந்தார். விசையைத் தள்ளியதும் ஒரு 'பீப்'. மேலும் கீழும் பட்டை பட்டையாகக் கோடுகள், நடுவில் டெக்சாஸ் மாநில வரைபடத்துக்குள் நிறுவனத்தின் சின்னம், அதன் கீழே ஏதாவது ஒரு விசையை அழுத்தித் தொடங்கச் சொல்லும் வரி. அந்தப் பட்டைகள் எல்லாம் வண்ணம் என்பதே எங்களுக்குத் தெரியாது. சில மாதம் கழித்துப் பக்கத்து வீட்டு கலர் டிவியில் மாட்டிப் பார்த்தபோதுதான் பேசிக் என்ற புரோகிராம் மொழியின் திரை இளநீலம் என்பதும், புரோகிராம் ஓடும்போது அது இளம்பச்சையாக மாறும் என்பதும் தெரிந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். எங்கள் டிவியில் அது சாம்பலின் ஒரு சாயலிலிருந்து இன்னொரு சாயலுக்குப் போவது மட்டும்தான்.

எட்டுக் கட்டத்துக்குள் ஒரு எழுத்து

பெட்டியோடு பேசிக் மொழியைக் கற்றுத்தரும் ஒரு புத்தகமும் வந்தது. கேம் கார்ட்ரிட்ஜ் வாங்கக் காசில்லாததால், அந்தப் புத்தகம்தான் எங்களுக்கு விளையாட்டு. கறுப்பு வெள்ளைத் திரையில் வரிக்கு 28 எழுத்து. முதல் வாரம் முழுக்க எங்கள் பெயர்களையே ஆயிரம் தடவை அச்சிட்டோம். இரண்டாவது வாரம் அக்கா கேட்டாள்: "அம்மா, இதுல தமிழ் வருமுங்களா?"

வராது. ஆங்கிலத்திலேயே சிறிய எழுத்து கிடையாது. சிறிய எழுத்தை அடித்தால் பெரிய எழுத்தையே குட்டியாக்கிக் காட்டும். ஆனால் புத்தகத்தில் 'கால் கேர்' என்று ஒரு கட்டளை இருந்தது. ஒவ்வொரு எழுத்தும் எட்டுக்கு எட்டுக் கட்டம். எந்தக் கட்டம் கறுக்க வேண்டும் என்பதைப் பதினாறு இலக்கத்தில் சொன்னால், நாம் விரும்பும் உருவத்தை எழுத்தாக ஏற்றுக்கொள்ளும்.

அப்பாவின் கிராஃப் தாளில் அக்கா முதலில் எடுத்தது 'ட'. இடது ஓரம் மேலிருந்து கீழே ஒரு கோடு, அடியில் குறுக்கே ஒரு கோடு. ஏழு வரிக்கு 80, கடைசி வரிக்கு எஃப் எஃப். தட்டினோம். திரையில் 'ட' நின்றது. அமெரிக்காவின் பருத்திக்காட்டு நடுவில், அதே ஊரில் செய்த கம்ப்யூட்டரில், யாரும் கேட்காமலே ஒரு தமிழ் எழுத்து. 80 இருந்த இடத்தில் எல்லாம் 81 போட்டால் 'ப' ஆகிவிடும் என்பதை நான் கண்டுபிடித்தேன். அன்றைக்கு எனக்குக் கிடைத்த சந்தோஷத்துக்கு ஈடாக இன்றுவரை வேறொன்றைச் சொல்லத் தெரியவில்லை.

'அ' எட்டுக் கட்டத்தில் அடங்கவில்லை. நான்கு எழுத்தை ஒட்டவைத்து ஒன்றாக்க வேண்டியிருந்தது. 'ஞ'வுக்கு அம்மா தரையில் உட்கார்ந்து அரை நாள் பென்சிலும் ரப்பருமாகப் போராடினார். ஊரில் இருந்தவரை எங்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தது பள்ளிக்கூடம்தான். ஒவ்வொரு எழுத்துக்கும் எங்கே சுழி, எங்கே கால் என்று அம்மா எங்களுக்கு அப்படி உன்னிப்பாகச் சொல்லிக்கொடுத்தது அந்தக் குளிர்காலத்தில்தான். தமிழ் எழுத்தை நான் ஒழுங்காகப் பார்த்தது ஒரு டெக்சாஸ் கம்ப்யூட்டர் வழியாக என்று சொன்னால் அது மிகையே இல்லை.

அம்மாவுக்கு அதில் தனியாக ஒரு பங்கு கிடைத்தது. அவர் பாடுவார். சுருதிப் பெட்டி ஊரிலேயே தங்கிவிட்டது. 'கால் சவுண்ட்' என்ற கட்டளையில் ஒரே நேரத்தில் மூன்று ஸ்வரம் ஒலிக்கும் என்று அக்கா படித்துச் சொன்னாள். அம்மாவுக்கு ஆறு கட்டை. சட்ஜத்துக்கு 220, பஞ்சமத்துக்கு 330, மேல் சட்ஜத்துக்கு 440. ஒரு தடவைக்கு அதிகபட்சம் 4250 மில்லி விநாடி, அதாவது நாலேகால் விநாடிதான் ஒலிக்கும். திரும்பத் திரும்ப ஓடவிட்டால் நடுவில் சின்ன விக்கல் விழுந்தது. 4250-க்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டால், பழைய ஒலி முடியும்வரை காத்திராமல் புதியது உடனே வந்து ஏறிக்கொள்ளும். விக்கல் நின்றது. கரகரப்பான ஒலிதான், தம்பூராவின் கார்வை எல்லாம் வராது. ஆனாலும் அம்மா கண்ணை மூடிக்கொண்டு அதோடு சேர்ந்து பாடினார்.

சமையற்கட்டும் அஞ்சறைப் பெட்டியும்

இவ்வளவு செய்த கருவி ஏன் தோற்றது? வளர்ந்தபிறகு நான் தேடித் தேடிப் படித்தது இதைத்தான்.

தயாரித்தவர்கள் சாமானியர்கள் இல்லை. 1954-இல் சிலிக்கான் டிரான்சிஸ்டரைச் சந்தைக்குக் கொண்டுவந்த நிறுவனம். 1958-இல் அங்கே வேலை பார்த்த ஜாக் கில்பிதான் ஒருங்கிணைந்த மின்சுற்றைச் செய்து காட்டினார். 2000-ஆம் ஆண்டு அதற்காகவே அவருக்கு நோபல் பரிசு. 1978-இல் குழந்தைகளுக்கு எழுத்துக்கூட்டிப் பேசும் 'ஸ்பீக் அண்ட் ஸ்பெல்' பொம்மையைக் கொடுத்ததும் இவர்களே.

1979-இல் முதலில் வந்த 99/4, அதற்கென்றே ஒரு கலர் மானிட்டரோடு சேர்த்து 1,150 டாலர். விசைகள் கால்குலேட்டர் பொத்தான் மாதிரி இருந்தன. யாரும் சீந்தவில்லை. அதைத் திருத்தி வந்ததுதான் 99/4ஏ. மற்ற வீட்டுக் கணினிகள் எல்லாம் 8 பிட் சில்லோடு இருந்த காலத்தில், இதன் உள்ளே டிஎம்எஸ்9900 என்ற 16 பிட் சில்லு. தாளில் பார்த்தால் இதுதான் எல்லோரையும் ஓடி முந்தியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு.

காரணம், அந்தச் சில்லைச் சுற்றி அமைத்த வீடு. இப்படி நினைத்துப் பாருங்கள். கைதேர்ந்த சமையல்காரர் ஒருவர். அவர் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு அஞ்சறைப் பெட்டி மட்டும். அரிசி, பருப்பு, காய் எல்லாம் பக்கத்து வீட்டில். அதையும் ஜன்னல் வழியாக ஒவ்வொரு கரண்டியாகத்தான் வாங்க முடியும். 99/4ஏ-யின் சில்லு நேராகத் தொட முடிந்த வேக நினைவகம் வெறும் 256 பைட். மீதி 16 கிலோபைட்டும் திரையில் படம் வரையும் டிஎம்எஸ்9918ஏ சில்லின் வசம். நாம் எழுதும் பேசிக் புரோகிராம் அங்கேதான் போய் உட்காரும். போதாக்குறைக்கு, பேசிக்கைப் புரிந்துகொள்ளும் மென்பொருளே ஜிபிஎல் என்ற இன்னொரு மொழியில் எழுதப்பட்டிருந்தது. அந்த மொழிக்கும் ஒரு மொழிபெயர்ப்பு தேவை. ஒரு வார்த்தை போய்ச் சேர இரண்டு துபாஷிகள். எப்படி வேகம் வரும்?

அந்தப் படம் வரையும் சில்லை மட்டும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். 32 'ஸ்பிரைட்' உருவங்களைத் திரையில் தனித்தனியாக நகர்த்தும். கோலெகோவிஷன் விளையாட்டுக் கருவியும், ஜப்பானில் பெருவெற்றி பெற்ற எம்எஸ்எக்ஸ் கணினிகளும் அதே குடும்பத்துச் சில்லை எடுத்துக்கொண்டன. தாய்க் கருவி தோற்றது, அதன் கண் மட்டும் உலகம் சுற்றியது.

ஆனால் வேகக் குறைவு ஒரு நிறுவனத்தைச் சாய்க்காது. சாய்த்தது பழைய பகை.

1970-களின் நடுவில் கால்குலேட்டர் சந்தையில் காமடோர் என்ற நிறுவனம் இருந்தது. அது சில்லு வாங்கியது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸிடம். ஒருநாள் சில்லு விற்றவர்களே கால்குலேட்டர் செய்து, காமடோரால் கட்டுப்படியாகாத விலைக்கு விற்கத் தொடங்கினார்கள். காமடோர் கிட்டத்தட்ட அழிந்துபோனது. அதை நடத்திய ஜாக் டிராமியல், போலந்தின் லோட்ஸ் நகரத்து யூதர், ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து உயிர் தப்பியவர். அவர் அதை மறக்கவில்லை. இனிமேல் சில்லுக்கு யாரிடமும் கையேந்தக் கூடாது என்று 1976-இல் எம்ஓஎஸ் டெக்னாலஜி என்ற சில்லு நிறுவனத்தையே விலைக்கு வாங்கினார். வீட்டுக் கணினி காலம் வந்ததும் விக்-20-ஐ இறக்கினார். 1982-இல் காமடோர் 64 வந்தது.

பிறகு விலைப்போர். காமடோர் குறைத்தால் டெக்சாஸ் குறைக்கும். டெக்சாஸ் குறைத்தால் காமடோர் மேலும் குறைக்கும். 1982 இலையுதிர்காலத்தில் நூறு டாலர் தள்ளுபடியோடு 99/4ஏ 200 டாலருக்கு வந்தது. 1983 பிப்ரவரியில் 150. அந்த விலையில் ஒவ்வொரு பெட்டிக்கும் கைநட்டம். கம்ப்யூட்டரில் விட்டதை கார்ட்ரிட்ஜில் பிடித்துவிடலாம் என்று நினைத்தார்கள். அதற்காக ஒரு காரியம் செய்தார்கள். என் கணக்கில் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு அதுதான்: கருவியின் உள்விவரங்களை வெளி மென்பொருள்காரர்களுக்குத் திறந்து காட்டவில்லை. 1983-இல் வந்த பழுப்பு நிற மாடலில், மற்றவர்கள் செய்த பல கார்ட்ரிட்ஜுகள் ஓடாதபடியே பூட்டுப் போட்டார்கள். விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு வாசலைத் தாழ்ப்பாள் போடுவதுபோல. மற்ற கணினிகளுக்கு ஆயிரக்கணக்கில் புரோகிராம் குவிந்துகொண்டிருக்க, இதற்கு வரவேண்டியது வரவில்லை.

1983-இன் இரண்டாம் காலாண்டில் மட்டும் நிறுவனத்தின் நட்டம் சுமார் 12 கோடி டாலர். அக்டோபர் 28, வெள்ளிக்கிழமை, வீட்டுக் கணினித் தொழிலிலிருந்தே விலகுவதாக அறிவித்தார்கள். அறிவிப்பைக் கேட்டு அவர்களுடைய பங்கு விலை ஏறியது. மொத்தத்தில் ஏறத்தாழ 28 லட்சம் பெட்டிகள் விற்றன. இவ்வளவு விற்றும் தோற்ற பொருள் உலகத்தில் அதிகம் இருக்காது.

அந்த அறிவிப்புதான் எங்கள் வாசல் கதவைத் திறந்தது. இது 525 டாலரிலேயே நின்றிருந்தால் அப்பா கடையில் அதைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். கல்லூரி வளாகத்து ஆய்வு மாணவர் குடும்பங்கள், பருத்தி அரவை ஆலைக் கூலிக்காரர்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள் என்று கம்ப்யூட்டரைக் கனவிலும் நினைத்திராத வீடுகளுக்கு, அந்த ஒரு கிறிஸ்துமஸில், 49 டாலர் 95 சென்ட்டில் அது போய்ச் சேர்ந்தது. அவர்களுடைய நட்டக் கணக்கில் எங்கள் வீட்டு 'ட'வும் ஒரு வரி. அந்த நட்டத்துக்கு நான் நன்றியோடுதான் இருக்கிறேன்.

கைவிட்டவர்களும் விடாதவர்களும்

நல்ல எண்ணம் இல்லாமல் செய்த கருவி இல்லை அது. எம்ஐடி பேராசிரியர் சீமோர் பேபர்ட், குழந்தைகள் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுப்பதன் வழியாகத் தாங்களே கற்றுக்கொள்வார்கள் என்று நம்பியவர். அவர் குழுவோடு சேர்ந்து இந்தக் கருவிக்காக 'லோகோ' மொழியைத் தயாரித்தார்கள். டல்லஸ் நகரத்து லாம்ப்லைட்டர் பள்ளியில் மழலை வகுப்புக் குழந்தைகளிடமே இந்தக் கணினிகளைக் கொடுத்துப் பார்த்தார்கள்.

'பார்செக்' விளையாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் இதை வைத்திருந்தவர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். பேச்சுக் கருவி மாட்டியிருந்தால், எதிரி வருவதை ஒரு பெண் குரல் எச்சரிக்கும், நன்றாகச் சுட்டால் பாராட்டும். 1982-இல் ஒரு விளையாட்டு பாராட்டிப் பேசியது. எதிரி விண்கலங்களில் 'டிராமைட்', 'அர்பைட்' என்று இரண்டு இனம். எழுதிய ஜிம் டிராமிஸ், பால் அர்பானஸ் இருவரின் பெயரும் அதில் ஒளிந்திருக்கின்றன. எங்களிடம் அந்த கார்ட்ரிட்ஜ் கிடையாது. அக்காவின் வகுப்புத் தோழி வீட்டில் சனிக்கிழமை சனிக்கிழமை போய்க் கேட்போம்.

இதைப் பயன்படுத்தியவர் யாரைக் கேட்டாலும் ஒரு விசையைப் பற்றிச் சொல்வார். கூட்டல் குறிக்கு 'ஷிப்ட்' விசையோடு சமக்குறி. அதே சமக்குறியை, 'ஷிப்ட்'டுக்குக் கீழேயே இருக்கும் 'பங்ஷன்' விசையோடு அழுத்திவிட்டால், எழுதிய அத்தனையும் போய் முதல் திரை வந்து நிற்கும். நாலு மணி நேர உழைப்பு ஒரு விரல் இடறலில் காலி. அதனால்தான் இந்தக் கருவியில் பழகியவர்கள் அடிக்கடி டேப்பில் சேமிக்கும் பழக்கத்தைச் சாகும்வரை விடமாட்டார்கள்.

நிறுவனம் விலகினாலும் வாங்கியவர்கள் விலகவில்லை. அதே டெக்சாஸின் ரவுண்ட் ராக் நகரத்திலிருந்து 'மைக்ரோபென்டியம்' என்று இந்தக் கணினிக்காகவே ஒரு பத்திரிகை 1984-இல் தொடங்கி 1999 வரை வந்தது. தயாரிப்பு நின்ற ஒரு பொருளுக்குப் பதினைந்து ஆண்டுகள் பத்திரிகை! 1987-இல் மையார்க் என்ற சிறு நிறுவனம் இதன் வாரிசாக 'ஜெனீவ் 9640'-ஐக் கொண்டுவந்தது. சிகாகோவில் ரசிகர்கள் ஆண்டுதோறும் கூடுகிறார்கள். ராஸ்பெர்ரி பை பலகையை இதனோடு இணைக்கும் கருவியைக்கூட இப்போது செய்திருக்கிறார்கள். பூட்டிய வாசலை ரசிகர்களே ஒவ்வொரு தாழ்ப்பாளாகக் கழற்றித் திறந்தார்கள்.

நாங்கள் 1985-இல் ஊர் திரும்பினோம். அதே ஆண்டில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸும் இந்தியாவுக்கு வந்து பெங்களூருவில் சில்லு வடிவமைப்பு மையம் திறந்தது. அங்கே இப்படி முதலில் வந்த பன்னாட்டு நிறுவனம் அதுதான். எங்களோடு வந்தது ஒரு கறுப்பு வெள்ளிப் பெட்டி. அமெரிக்க ஒளிபரப்பு முறை நம் டிவியில் ஒத்துவராது என்பதால் அந்தப் பழைய டிவியையும் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தோம். கோவையில் ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்கி மாட்டியதும், அதே 'பீப்'.

அப்பாவின் டேப்புகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பஞ்சு இழை நீளக் கணக்குகளை அதில்தான் போட்டுவைப்பார். சாதாரண பாட்டுக் கேசட்தான். ரெக்கார்டை அழுத்து, என்டரைத் தட்டு என்று கம்ப்யூட்டரே படிப்படியாகச் சொல்லும், கிறீச்சென்ற இரைச்சலாக எண்கள் பதிவாகும். எது எங்கே இருக்கிறது என்று பின்னால் தெரிய வேண்டுமே. அப்பா மைக் ஒயரை உருவிவிட்டு, டேப் ரெக்கார்டரின் அருகே குனிந்து, தன் குரலில் தலைப்புச் சொல்லிப் பதிவார்: "பருத்தி. மூணாம் நம்பர் வயல். ரெண்டாவது பறிப்பு." பிறகு ஒயரைச் செருகிச் சேமிப்பார்.

அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. போன பொங்கலுக்குப் பரணைச் சுத்தம் செய்தபோது கேசட் பெட்டி கிடைத்தது. முதலில் கம்ப்யூட்டரில் ஏற்றாமல் வெறுமனே போட்டுக் கேட்டோம். அவர் குரலில் எங்களிடம் இருக்கும் பதிவு அது ஒன்றுதான். ஒரு கேசட்டில், வயல் எண் சொல்லி முடித்தபிறகு, பின்னால் அம்மா சுருதியோடு பாடிக்கொண்டிருப்பது கேட்கிறது. அப்பா சற்றே திரும்பி, "கண்ணு, அந்தக் கதவைச் சாத்து, அம்மா பாட்டும் பதிஞ்சுரும்" என்கிறார். நான் சாத்தவில்லை போலிருக்கிறது. பாட்டும் பதிந்திருக்கிறது.

உங்கள் வீட்டுப் பரணிலும் அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் ஒன்று இருக்கலாம். ஸ்பெக்ட்ரமோ, பிபிசி மைக்ரோவோ, வெளிநாட்டுச் சித்தப்பா கொண்டுவந்த காமடோரோ. எடுத்தவுடன் மின்சாரம் கொடுத்துவிடாதீர்கள். பழைய மின்தேக்கிகள் பழுதாகியிருக்கலாம், ஒரு எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு மாட்டுங்கள். அது ஓடாவிட்டாலும் பரவாயில்லை. அதோடு இருக்கும் கேசட்டுகளை மட்டும் பழைய இரும்புக் கடைக்கு எடை போட்டுவிடாதீர்கள். ஒவ்வொன்றையும் முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை போட்டுக் கேளுங்கள்.